மண்டபம் வேண்டாம் என்கிறது மனசு, நம்பலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. சேலம் கொண்டலாம்பட்டியில் இருக்கிறோம். கணவர் விசைத்தறி வைத்திருக்கிறார். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆவணியில் வயதுக்கு வந்தாள். அன்றைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு சரி. இப்போது தை மாதம் மண்டபத்தில் மஞ்சள் நீராட்டு விழா வைத்தே ஆக வேண்டும் என்று கணவரின் அண்ணனும் மாமியாரும் சொல்லி, 25,000 ரூபாய் அட்வான்ஸும் கட்டிவிட்டார்கள். மண்டபம், 600 பேர் சாப்பாடு, நகை, வீடியோ எல்லாம் சேர்த்து 6 லட்சம் ஆகுமாம். மொய் நோட்டில் நாங்கள் ஊருக்கு வைத்தது நாலரை லட்சம் நிற்கிறது. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் என் தம்பி, தாய்மாமன் சீருக்காக 2 லட்சம் வட்டிக்கு வாங்கத் தயாராகிறான். மகள் ஒரே ஒரு தடவை, "ஃப்ளெக்ஸ் வைப்பீங்களாம்மா? கிளாஸ் பசங்க பார்ப்பாங்களே" என்றாள். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்கு 13 வயதில் ஆத்தூரில் மேடையில் உட்கார வைத்தது இன்னும் மறக்கவில்லை. உள்மனசு வேண்டாம் என்கிறது. வாயைத் திறந்தால், "ஒரே பொம்பளப் புள்ள, அதுக்கும் செய்யலைன்னா நாலு பேர் என்ன பேசுவாங்க" என்கிறார்கள். வயிறு பிசைகிறது. உள்மனசை நம்பலாமா, ஊரோடு ஒத்துப்போவதுதான் சரியா?

பதில்: நம்பலாம் சகோதரி. அதற்கு முன்னால், பேசுவது உள்மனசுதானா என்று பார்த்துவிட வேண்டும். உங்கள் கடிதத்தில் 'வேண்டாம்' என்ற ஒரே சொல்லை மூன்று பேர் சொல்கிறார்கள். கடனையும் வீட்டுச் சண்டையையும் நினைத்து நடுங்கும் பயம் ஒன்று. ஆத்தூர் மேடையில் உட்கார்ந்திருந்த அந்த 13 வயதுப் பெண்ணின் பழைய வலி இன்னொன்று. மகளைத் தினமும் பக்கத்திலிருந்து பார்க்கிற தாயின் நிதானமான கணிப்பு மூன்றாவது. உள்மனசு என்று நம்பத் தகுந்தது இந்த மூன்றாவதுதான். மற்ற இரண்டும் பொய் சொல்லவில்லை, அவற்றுக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவற்றின் பேச்சைக் கேட்டு முடிவெடுத்தவர்கள், யாராவது கொஞ்சம் குரலை உயர்த்தியதும் பின்வாங்கிவிடுகிறார்கள்.

வயிறு பிசைவதை வைத்து எது எது என்று பிரிக்க முடியாது. மூன்றுக்கும் வயிறு ஒரே மாதிரிதான் பிசையும். 'விழா வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் எப்படி இருக்கும்' என்று நினைத்துப் பார்த்து, நெஞ்சு லேசாவதை வைத்து முடிவெடுக்கவும் கூடாது. சங்கடமான எதைத் தள்ளிப்போட்டாலும் முதல் சில மணி நேரம் லேசாகத்தான் இருக்கும். பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டாலும் அப்படித்தான். அதை உள்மனசின் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதுதான் நிறையப் பேர் செய்யும் முதல் தவறு.

ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள், தினம் மூன்று தடவை, தடவைக்கு ஒரே ஒரு வரி. காலையில் தறி ஓட ஆரம்பிக்கும் முன், மதியச் சாப்பாட்டுக்குப் பின், ராத்திரி விளக்கை அணைக்கும் முன். கேள்வி ஒன்றே ஒன்று: தை விழாவைப் பற்றி இப்போது என்ன தோன்றுகிறது? தோன்றியதை வீட்டில் பேசும் பேச்சிலேயே எழுதுங்கள். தூக்கம் கெட்ட நாளாக இருந்தால் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அன்றைக்கு யாராவது விழாப் பேச்சை எடுத்திருந்தால் ஒரு கோடு. பக்கத்தை மூடிவிடுங்கள், எட்டாம் நாள் வரை பழைய வரிகளைப் படிக்க வேண்டாம். நடுவில் படித்தால், நேற்று எழுதியதோடு ஒத்துப்போகிற மாதிரியே இன்றைக்கும் கை எழுதும். ஒரு வரிக்கு மேல் போனாலும் கெட்டுவிடும். பத்து வரி எழுதினால் அதற்குள்ளேயே மாமியாரோடு வாதாடத் தொடங்கிவிடுவீர்கள்.

எட்டாம் நாள் 21 வரிகளையும் வரிசையாகப் படியுங்கள். பயம் பேசிய வரிகள் பெரும்பாலும் 'ஓ'வில் முடியும். கடன் ஆயிடுமோ, அவரு கோவிச்சுக்குவாரோ, என்ன சொல்லுவாங்களோ. பழைய வலி பேசிய வரிகளில் 'அன்னிக்கு', 'எனக்கு' என்ற சொற்கள் வரும். உங்கள் சொந்தக் கணிப்பு பேசிய வரியில் மகள் இருப்பாள். 'பாப்பா கூட்டத்துல வாயே திறக்க மாட்டா, வீட்டுல சொந்தக்காரப் பிள்ளைங்களோட இருந்தா சிரிப்பா' என்பது மாதிரி, அவளைப் பற்றிய ஒரு விவரத்தோடு இருக்கும். பயத்தின் வரிகள் புள்ளியும் கோடும் விழுந்த நாட்களில் குவிந்திருக்கும், மற்ற நாட்களில் வற்றிப்போயிருக்கும். உள்மனசின் வரி யாரும் எதுவும் பேசாத சாதாரண நாளிலும் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் திரும்பத் திரும்ப வரும். அப்படி வந்திருந்தால் அதன் மேல் காலை ஊன்றி நிற்கலாம்.

இந்த ஏழு நாளும் யாரிடமும் எதுவும் பேச வேண்டாம். தைக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. உங்களுக்கு நிஜமான கெடு பத்திரிகை அச்சுக்குப் போகும் நாள்தான். அதற்கு முன் சொன்னால் அது குடும்பத்துக்குள் ஒரு யோசனை. அச்சடித்துவிட்ட பிறகு சொன்னால் பெரியவர்களுக்கு அவமானம். கார்த்திகை பாதிக்குள் பேசி முடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரம் மகளோடு. மேடையில் உட்காரப்போவது அவள்தான், அதனால் உங்கள் உள்மனசைவிட அவளுடையதுதான் முதலில் கேட்கப்பட வேண்டும். ஆனால் எதிரே உட்கார வைத்து, "உனக்கு ஃபங்ஷன் வேணுமா வேண்டாமா?" என்று கேட்டால் 12 வயதுப் பிள்ளை இரண்டே பதில்தான் சொல்லும். ஒன்று, "எதுவும் வேணாம்." இல்லையென்றால், "உங்க இஷ்டம்." இரண்டும் பதில் இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னும்போது பேசுங்கள். முகம் பார்க்காத இடத்தில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வார்த்தை சுலபமாக வரும்.

ஒரு பழைய காலண்டர் தாளைக் கிழித்து 12 சீட்டு எழுதுங்கள். ஃப்ளெக்ஸ் பேனர், மண்டபம், மேடை நாற்காலி, வீடியோ, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், பத்திரிகையில் அவள் போட்டோ, பட்டுப்பாவாடை, பூ ஜடை, அத்தைகள் தண்ணீர் ஊற்றுவது, மாமாவின் சீர்த்தட்டு, சித்தி பெரியம்மா பிள்ளைகள் வந்து தங்குவது, பள்ளித் தோழிகள் இரண்டு பேரைக் கூப்பிடுவது. பதின்மூன்றாவதாக எதுவும் எழுதாத ஒரு வெறும் சீட்டு. 'சரி', 'வேண்டாம்', 'பரவாயில்லை' என்று மூன்று குவியலாக அவளையே பிரிக்கச் சொல்லுங்கள். கால் மணி நேரம் போதும். வெறும் சீட்டில் "ஏற்காடு போகணும்" என்று எழுதினாலும் சிரித்துவிடாதீர்கள், அது அவளுடைய ஆசை. அதையும் ஒரு குவியலில் வையுங்கள்.

ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். "நீ எதைச் சொன்னாலும் அம்மா கோவிச்சுக்க மாட்டேன்." "நீ சொன்னதெல்லாம் நடக்கும்னு வாக்குக் கொடுக்க முடியாது, ஆனா நீ சொன்னதை அப்பாகிட்டச் சொல்லுவேன்." இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் சொல்கிற அம்மாக்கள்தான் அதிகம். பின்னால் ஏதாவது ஒன்று நடக்காமல் போனால், பிள்ளை அடுத்த தடவை வாயைத் திறக்காது.

இங்கே உங்களுக்கு ஒரு கஷ்டமான வேலை இருக்கிறது. ஆத்தூர்க் கதையை அவள் சீட்டுகளைப் பிரித்து முடிக்கிற வரை சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால், அம்மாவுக்கு எது ஆறுதலோ அந்தக் குவியலில்தான் அவள் சீட்டு விழும். இந்த வயதுப் பெண்கள் அம்மாவின் முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரிகள். அவள் பட்டுப்பாவாடையையும் மேடையையும் 'சரி'யில் வைத்து, ஃப்ளெக்ஸை மட்டும் தள்ளினாலும் தள்ளலாம். அப்படியானால் உங்கள் 'வேண்டாம்' பெரும்பாலும் அந்த 13 வயதுப் பெண்ணுடையது என்று அர்த்தம். அந்த வலியைத் தனியாக ஆற்றிக்கொள்ளலாம். மகளின் விழாவில் கொண்டுவந்து வைக்க வேண்டாம்.

"கிளாஸ் பசங்க பார்ப்பாங்களே" என்ற அந்த ஒரு வரியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லோரும் தன்னையே பார்ப்பதாக நினைக்கும் வளரிளம் பருவத்து உணர்வை, 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-இல் விவரித்தார். உங்கள் மகளின் விஷயத்தில் பார்வையாளர்கள் கற்பனையும் இல்லை. கொண்டலாம்பட்டி ரவுண்டானாவில் அவள் முகத்தோடு பேனர் நின்றால், பள்ளிக்கூட வேனில் போகிற பையன்கள் நிஜமாகவே பார்ப்பார்கள். மாதவிடாய் தொடங்கியதை அவள் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது அவளுடைய விஷயம். ஃப்ளெக்ஸ், ஸ்டேட்டஸ் இரண்டையும் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது. மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும், அவள் வேண்டாம் என்றால் இந்த இரண்டில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி அந்த நாலு பேர். அவர்கள் யார் என்று பெயரோடு எழுதிப்பாருங்கள். 'ஊர்', 'சொந்தபந்தம்' என்று எழுதக் கூடாது, ஆள் பெயர்தான் எழுத வேண்டும். பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு பெயரைத் தாண்டுவதற்குள் பேனா நின்றுவிடும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் என்ன சொல்வார், எத்தனை நாள் சொல்வார், அதனால் உங்கள் வீட்டில் நிஜமாக எது குறையும் என்று மூன்று விஷயம் குறியுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவரா, தறிக்கு நூல் கடன் கொடுப்பவரா, ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறவரா? அப்படிப்பட்டவர்கள் மூன்று நான்கு பேர்தான் தேறுவார்கள். அவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும். மற்றவர்களுக்காக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று நம் பாட்டிகளே சொல்லிவிட்டார்கள்.

அந்த ஊர் வாயும் நாம் நினைக்கிற அளவு நம்மையே மென்றுகொண்டிருப்பதில்லை. உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடன் வேலை செய்தவர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கூச்சப்படும்படியான படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப்பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப்பேர்தான். உங்கள் தெருவில் போன வருஷம் எந்தெந்த வீட்டில் சீர் செய்தார்கள், எந்த வீட்டில் செய்யவில்லை என்று உங்களையே கேட்டுப்பாருங்கள். செய்தவர்கள் நினைவுக்கு வருவார்கள். செய்யாதவர்கள் பெயர் வருகிறதா?

ஆனால் ஊர்ப் பேச்சு மட்டும்தான் சிக்கல் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். மொய் நிஜமான பணம். உள்மனசால் கணக்குப் போட முடியாது, அதை நோட்டை வைத்துத்தான் போட வேண்டும். நாலரை லட்சமும் ஒரு ரூபாய் குறையாமல் வந்தாலும் ஒன்றரை லட்சம் கையிலிருந்து போகிறது. 6 லட்சத்தில் நகைக்குப் போகிற பங்கு வீட்டிலேயே நிற்கும், மற்றது அன்றைக்கே கரையும். தம்பி வாங்குகிற 2 லட்சத்துக்கு இரண்டு வட்டி என்று வைத்தால் மாதம் 4,000, வருஷத்துக்கு 48,000. அவன் சீராகக் கொண்டுவரும் நகை உங்கள் வீட்டில் இருக்கும், வட்டி அவன் வீட்டில் ஓடும். இன்னொன்றையும் பாருங்கள். நீங்கள் 1,000 வைத்த வீட்டுக்காரர் 1,500 வைத்தால், அந்த 500 உங்கள் தலையில் புதுக் கடன். மொய் வரவு என்று நினைப்பதால்தான் கணக்கு தப்பிப்போகிறது. பாதி, நீங்கள் கொடுத்த பணம் திரும்பி வருவது. மீதி, நீங்கள் திருப்ப வேண்டியது.

மொய் நோட்டை எடுத்து மூன்று நிறப் பேனாவில் குறியுங்கள். இதற்கு முன் உங்கள் வீட்டு விசேஷங்களில் திருப்பிச் செய்துவிட்டவர்கள், இன்னும் செய்ய வேண்டியவர்கள், இறந்துபோனதாலோ ஊர் மாறியதாலோ இனி வராது என்று தெரிந்தவர்கள். இரண்டாவது நிறத்தை மட்டும் கூட்டுங்கள். நாலரை லட்சம் என்று வாயில் இருக்கும் தொகை அங்கே கண்டிப்பாகக் குறையும். அப்படி மிஞ்சுவதும் தையில் வாங்காவிட்டால் தொலைந்துபோவதில்லை. பையன் இருந்தால் காதுகுத்து, இல்லையென்றால் புதுமனை புகுவிழா, நாளைக்குக் கல்யாணம் என்று அடுத்த விசேஷம் வரை நோட்டில் காத்திருக்கும். பணத்தின் மதிப்புக் கொஞ்சம் தேயும், சிலர் மறந்தும் போவார்கள். அந்த நஷ்டத்தை ஒப்புக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். கணவரிடமும் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

பேசும் வரிசை முக்கியம். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-இல் செய்த சோதனை ஒன்று உண்டு. எந்தக் கோடு எதன் நீளம் என்று பச்சையாகத் தெரிகிற கேள்விக்கு, கூட இருந்த எல்லோரும் முன்கூட்டியே பேசிவைத்தபடி ஒரே தப்பான பதிலைச் சொன்னபோது, விஷயம் தெரியாமல் உட்கார்ந்திருந்த ஒருவரும் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை அந்தத் தப்பையே சொன்னார். கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் சரியான பதிலைச் சொன்னபோது, அந்தத் தடுமாற்றம் நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. உங்களுக்குத் தேவை அந்த ஒரே ஒரு ஆள்தான். அது கணவராக இருப்பது நல்லது.

அவரிடம் ராத்திரி படுக்கும்போது ஆரம்பிக்காதீர்கள். அண்ணன் போன் பண்ணி வைத்த சூட்டிலும் வேண்டாம். தறிக்கு விடுமுறை விட்ட நாளில், சீட்டுக் குவியலையும் மொய்க் கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் பேசுங்கள். முதல் வார்த்தை 'வேண்டாம்' ஆக இருக்கக் கூடாது. "நிறுத்துங்கன்னு சொல்ல வரலைங்க. பாப்பா எதுக்கு ஆசைப்படறா, எதுக்குக் கூச்சப்படறான்னு அவளே பிரிச்சு வெச்சிருக்கா, பாருங்க. அவ ஆசைப்பட்டதை நம்ம வீட்டு வாசல்லயே நல்லாச் செஞ்சுடலாம்னு நினைக்கிறேன்." இவ்வளவு போதும். சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அவர் உடனே மறுத்தால் அது மகளைப் பற்றிய மறுப்பாக இருக்காது. அட்வான்ஸ் கட்டிய அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்ற தவிப்பாக இருக்கும். அதற்கு வழி சொன்னால்தான் அவர் உங்கள் பக்கம் வருவார்.

வழி இது. அண்ணனிடம் கணவர்தான் சொல்ல வேண்டும், நேரில் போய்ச் சொல்ல வேண்டும், போனில் கூடாது. போகும்போது அவர் கையிலிருந்து போன 25,000-ஐ எடுத்துக்கொண்டு போய் முதலில் அதைக் கொடுத்துவிட வேண்டும். "உங்க பணம் போச்சு" என்ற பேச்சுக்கு இடமில்லாவிட்டால் பாதிக் கோபம் அங்கேயே இறங்கும். மண்டப ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், தேதி மாற்ற முடியுமா, சொந்தத்தில் வேறு யாருக்காவது அந்த முகூர்த்தம் தேவையா என்று பாருங்கள். எதுவும் தேறாவிட்டாலும், போன 25,000-ஐக் காப்பாற்ற 6 லட்சம் செலவழிப்பது கணக்கில்லை.

மாமியாரை எதிர்க்கட்சியில் வைக்காதீர்கள். அவர் காலத்தில் இந்த விழா, வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள் என்று சொந்தபந்தத்துக்குத் தெரிவிப்பது. 18 வயதுக்கு முன் கல்யாணமே கூடாது என்று சட்டம் இருக்கும்போது, ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த அறிவிப்பு தேவையில்லை. ஆனால் அவர் மனசில் இருப்பது அந்த அறிவிப்பு மட்டுமல்ல. பேத்திக்கு ஒரு குறையும் வைத்துவிடக் கூடாது என்கிற ஆசை அது. அந்த ஆசைக்கு ஒரு வேலை கொடுங்கள். உளுந்தங்களி அவர் பொறுப்பு. ஒரு டம்ளர் கறுப்பு உளுந்து மாவுக்குக் கால் டம்ளர் பச்சரிசி மாவு, ஒரு டம்ளர் கருப்பட்டி, கால் டம்ளர் நல்லெண்ணெய். செவ்வாய்ப்பேட்டையில் உளுந்து வாங்குவதிலிருந்து உருட்டிக் கொடுப்பது வரை அவர் கையால் நடக்கட்டும். யார் முதலில் தண்ணீர் ஊற்றுவது, என்ன வரிசை என்பதையும் அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

தம்பியிடம் தனியாகப் பேசுங்கள். கணவர் வீட்டார் முன்னால், "என் தம்பி கடன் வாங்க வேண்டியிருக்கு" என்று வாதத்துக்கு இழுத்துவிடாதீர்கள். அந்த நிமிஷமே அவன் மானம் போனதாக நினைத்து, 2 லட்சத்துக்குப் பதில் 3 லட்சம் வாங்கி நிற்பான். "மாலையும் பட்டுப்பாவாடையும் நீ கொண்டு வா. பச்சை ஓலை நீதான் கட்டணும். மாமன் முறை அதோட நிறைவாயிடும்" என்று சொல்லுங்கள். நகை போடத்தான் வேண்டும் என்று நின்றால், மருமகள் பெயரில் முடிந்த தொகையைப் போடச் சொல்லலாம். செல்வமகள் சேமிப்புக் கணக்கை 10 வயதுக்குள் திறந்திருந்தால் அதில் கட்டலாம். அந்த வயது தாண்டிவிட்டதால் இப்போது புதிதாகத் திறக்க முடியாது, அதனால் இல்லாதவர்கள் தபால் நிலையத்தில் வேறு சேமிப்பைக் கேட்டுப் பாருங்கள்.

வெளி வட்டத்துக்கு ஒரே வரி வைத்துக்கொள்ளுங்கள். "வீட்டோட செய்யறோங்க, பாப்பா ஆசைப்பட்டபடி." இரண்டாவது தடவை கேட்டாலும் அதே வரி, மூன்றாவது தடவையும் அதே வரி. காரணம் சொல்ல ஆரம்பித்தால் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில் வரும். செலவு என்றால் கடன் தர ஆள் வரும். கூச்சம் என்றால், "எங்களுக்கெல்லாம் கூச்சமில்லையா, நாங்க உட்காரலையா?" என்பார்கள். காரணமே சொல்லாத வாயோடு யாரும் ரொம்ப நேரம் வாதாட முடியாது.

இதற்கப்புறம் நடக்கப்போவதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சொன்னவுடன் வற்புறுத்தல் குறையாது, கூடும். வழக்கமாகப் பலித்த ஒன்று திடீரென்று பலிக்காமல் போனால், மனிதர்கள் முதலில் அதையே இன்னும் பலமாகச் செய்து பார்ப்பார்கள். இரண்டு மூன்று வாரம் போன் அதிகமாக வரும், அழுகை வரும், "உன் பொண்டாட்டி சொன்னா சரியா?" என்று கணவருக்குத் தனியாகச் சொல்வார்கள். 'இவ்வளவு எதிர்ப்பு வருகிறதே, நம் முடிவுதான் தப்போ' என்று தோன்றும். அந்த வாரங்களில் முடிவை மாற்றாதீர்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் சத்தம் அடங்கியபின், நோட்டில் புள்ளியும் கோடும் இல்லாத ஒரு நாளில் யோசித்து மாற்றுங்கள். சத்தத்தின் நடுவில் மாற்றினால், மூன்றாவது ரவுண்டில் நீங்கள் இறங்கிவருவீர்கள் என்று எல்லோரும் கற்றுக்கொள்வார்கள்.

குற்ற உணர்வும் வரும். வந்தால் ஒரு கேள்வி: யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்? ஒரு பெயரும் ஒரு கெடுதலும் பதிலாக வந்தால், போய்ச் சரிசெய்யுங்கள். மாமியாரிடம் கடுமையாகப் பேசியிருந்தால் அந்தப் பேச்சுக்கு வருத்தம் சொல்லுங்கள், முடிவுக்குச் சொல்ல வேண்டாம். பெயரே வரவில்லை என்றால், அது பழகிய தடத்திலிருந்து விலகியதற்கான உறுத்தல். கொஞ்ச நாள் கூடவே இருக்கும், நீங்கள் பாட்டுக்கு வேலையைப் பாருங்கள்.

வீட்டு வாசல் விழா இளப்பமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாற்பது பேர். இலைக்கு 250 ரூபாய் என்று வைத்தாலும் சாப்பாடு 10,000-க்குள் முடியும். மாவிலைத் தோரணம், வாசலில் பெரிய கோலம், வெண்கல அண்டாவில் மஞ்சள் தண்ணீர். தண்ணீர் ஊற்றும்போது ஆண்களும் பையன்களும் மாடியில் இருக்கட்டும். வழக்கமாக அடுப்படியிலேயே நிறுத்திவிடுகிற, கணவரை இழந்த பெரியம்மாவோ அத்தையோ இருந்தால், மகளுக்குப் பிரியமென்றால் அவர் கையாலும் ஒரு சொம்பு ஊற்றச் சொல்லுங்கள். போட்டோ ஒரே போனில், வீட்டு ஆல்பத்துக்கு மட்டும். யாரும் ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது என்று கணவர் வாயால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சாயங்காலம் பிள்ளைகளுக்குத் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்து மாடிக்கு அனுப்பிவிடுங்கள். அவர்களுக்கு அதுதான் விழா.

ஒன்று மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. 600 இலைக்குக் கணக்குப் போட்ட வீட்டில், பள்ளிக்கூடக் கழிவறையில் நாப்கின் மாற்ற அவளுக்குத் தெரியுமா, அங்கே தண்ணீர் வருகிறதா என்று யாராவது கேட்டார்களா? பள்ளிப் பையில் ஒரு சின்னப் பை வையுங்கள். இரண்டு நாப்கின், ஒரு மாற்று உள்ளாடை, சுற்றிப் போடப் பழைய தினசரித் தாள். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். முதல் ஒன்றிரண்டு வருஷம் தேதி முன்னே பின்னே வருவது சகஜம். ஏழு நாளுக்கு மேல் போனாலோ, ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். களி நல்லது, ஆனால் இரும்புச்சத்துக்கு அது மட்டும் போதாது. கீரை, முட்டை, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருக்கட்டும்.

நான் சொன்ன 'உறுதியாக நில்லுங்கள்' என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. வீட்டில் அடி விழும் என்ற பயம் இருந்தால் இந்த வரிசையில் போகாதீர்கள். முதலில் 181 பெண்கள் உதவி எண்ணில் பேசுங்கள். வயிறு பிசைவது, தூக்கம் வராதது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, மகள் சாப்பாட்டையோ பள்ளிக்கூடத்தையோ ஒதுக்க ஆரம்பித்தாலோ, 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம்.

நோட்டை நாளைக் காலையிலேயே தொடங்குங்கள். சீட்டு, அடுத்த ஞாயிறு அவள் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது. மண்டபத்துக்குப் போன் போடுவதை, அவள் பிரித்து வைத்த குவியல்களைக் கணவரும் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆத்தூர்க் கதையை அதற்கப்புறம் ஒரு ராத்திரி அவளிடம் சொல்லுங்கள், கேட்பாள்.